திங்கட்கிழமை வாங்க

ஜூன் 8, ஞாயிறு

இன்று எங்களை எல்.கே.ஜி. வகுப்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மாடி அறையில் யாருக்கோ நிச்சயதார்த்தமாம். மாணவர்கள் கொடுக்கிற கட்டணத்துக்கு ஞாயிறுதோறும் ஒரு ஒழுங்கான அறை தர முடியாத படிப்பு மையம் எதற்கு என்று ஒருங்கிணைப்பாளர் அருள்தாஸிடம் கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்றார். பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்ட வார்த்தை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அஞ்சல் வழியில் பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்க வந்தவர்கள், எல்லோரும் வேலையில் இருப்பவர்கள், பாதிப்பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் மோவாயில் இடிக்க, குட்டி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் கொம்பையா, "டீச்சர், இதுல உக்காந்து படிச்சா மேற்படிப்பு வராது, கீழ்ப்படிப்புதான் வரும்" என்றார். சிரிப்பில் என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அதிகாரப் பகிர்வு நடத்தினேன். கடையைப் பார்த்துக்கொள் என்று மருமகனிடம் சொல்லிவிட்டுக் கல்லாச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாமனாரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொறுப்பு மருமகனுக்கு, அதிகாரம் மாமனாருக்கு. நகராட்சியில் இளநிலை உதவியாளராக இருக்கும் முப்பிடாதி தலையைக் குனிந்து சிரித்தாள். அவள் சிரித்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியில் ஆய்வறிக்கை பற்றிப் பேச்சு வந்தது. ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதாம், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமாம். அருள்தாஸே வந்து சொல்கிறார். "வேலைக்குப் போறவங்க, பாவம் மேடம்." அப்படி எவரும் கொண்டுவந்தால் வழிகாட்டி என்ற இடத்தில் என் கையெழுத்து விழாது என்று சொல்லிவிட்டேன். அவரவர் வேலை பார்க்கும் இடத்தை எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் நாள்தோறும் நடப்பதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பயப்படாமல் எழுதுங்கள் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

பயப்படாமல் எழுதியவள் முப்பிடாதிதான். நாலு பக்கம், கையெழுத்தில். அவளையே வகுப்பில் சொல்லச் சொன்னேன்.

அவள் இருப்பது வரிப் பிரிவு. அப்பா இறந்து வீடு மகன் பெயருக்கு வந்தால், வரி ரசீதிலும் பெயர் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் விண்ணப்பித்தாலும், கடைசிக் கையெழுத்து ஆணையருடையது. அதற்காக ஜன்னலில் வந்து நிற்பவர்களிடம் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரே வாசகம், "திங்கட்கிழமை வாங்க."

"அதுல என்ன யக்கா தப்பு? வாரத்துல மொத நாளு" என்றார் கொம்பையா.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுநாள்லா. கமிஷனர் அங்க போயிருவாவ. வந்தவங்ககிட்ட சார் இல்ல, அடுத்த திங்கக்கிழமை வாங்கன்னு சொல்லுவோம். அன்னைக்கும் இருக்க மாட்டாவ."

"அடப்பாவிகளா, எங்க அய்யா செத்ததுக்கு நான் வந்தப்ப நீங்கதான யக்கா ஜன்னல்ல இருந்திய?" என்றார் கொம்பையா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நாந்தான். புதுசா வந்தன்னைக்கே பக்கத்து சீட்டு அக்கா அப்படித்தான் சொல்லித் தந்தாவ. எந்தச் சட்டத்துல இருக்குன்னு நான் கேட்டதே இல்ல" என்றாள் முப்பிடாதி.

அலைந்து சலித்தவர்கள் கடைசியில் புரோக்கரிடம் போகிறார்கள். அவர் செவ்வாய்க்கிழமையே வாங்கிக் கொடுத்துவிடுகிறார். இதையும் எழுதியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விடைத்தாள் என் கைக்கு வந்ததில்லை. இப்போது இருப்பது கரட்டு வடிவம், திருத்தி முடித்ததும் அலுவலகத்துக்கு முறைப்படி ஒரு பிரதி கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

நல்ல விடைத்தாள் கிடைத்தால் என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் இட்லி வைத்துக்கொண்டே முப்பிடாதியின் நாலு பக்கத்தையும் வாசித்தேன். அதே நகராட்சியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ரசிப்பார் என்று நினைத்தேன். "எந்தப் பிள்ளை? வரி செக்‌ஷனா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சட்னி காரம் என்றார். காரமே இல்லை.

பிறகு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கேஸ் டியூப் வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தார். மதியம் வெறுங்கையோடு வந்தார். கடை பூட்டியிருந்ததாம்.

ஜூன் 18, புதன்

டியூப் இன்னும் வாங்கவில்லை. வெடித்துத் தொலைந்தால்தான் இந்த வீட்டில் எதுவும் நடக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

முப்பிடாதி வரவில்லை. கொம்பையா வகுப்பு முடிந்ததும் வெளியே வந்து நின்றார்.

"டீச்சர், யக்காவுக்கு மெமோ குடுத்துட்டாங்க. பதினேழு பி. ஆபீஸ் விஷயத்த வெளி ஆளுக்குச் சொன்னாளாம். ரிகார்டு ரூம்ல தூக்கிப் போட்டாச்சு."

பதினேழு பி என்றால் வேலையே போகக்கூடிய மெமோ. திருடினவர்களுக்குக் கொடுப்பது. இரண்டு வருடம் முன்பு இந்தப் படிப்புக்கு எழுத்தில் அனுமதி கொடுத்ததே அதே அலுவலகம்தான். படி என்று சொல்லிவிட்டுப் படித்ததற்குத் தண்டனையா? நீச்சல் குளத்துக்குச் சீட்டு கொடுத்துவிட்டு, ஏன் நனைந்தாய் என்று கேட்கிற மாதிரி.

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றேன்.

கொம்பையா பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "போன திங்கக்கிழமை எங்க வண்டி நகராட்சி ஸ்டாப்புல நின்னப்ப, சார் ஸ்கூட்டர் மாதிரி ஒண்ணு உள்ள நின்னுது. முன்னால கூடை வச்சது. வேற யாருதாவும் இருக்கும் டீச்சர்."

கூடை வைத்த ஸ்கூட்டர் ஊரில் எத்தனையோ. கண்டக்டர்கள் கண்ணாடியை அடிக்கடி மாற்ற வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. உரிப்பதையும் நிறுத்தவில்லை.

மன்னிப்பு எழுதிக் கொடுத்து, படிப்பையும் விட்டுவிட்டால் மெமோவை முடித்துவிடுகிறேன் என்று ஆணையர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நீ எழுதாதே, நான் இருக்கிறேன் என்றேன்.

"நீங்க பென்சன் வாங்குதிய டீச்சர். ஒங்கள யாரும் ரிகார்டு ரூமுக்கு மாத்த முடியாது."

"நீ எழுதினது உண்மைதானே?"

"உண்மைதான். அத ஒங்க கையிலதான குடுத்தேன்? அருள்தாஸ் சார் கையில கூடக் குடுக்கல. பின்ன எப்படிப் போச்சு?"

வகுப்பில் முப்பது பேர் கேட்டார்கள், யாராவது சொல்லியிருப்பார்கள் என்றேன். "நாலாம் பக்கத்துல புரோக்கரப் பத்தி எழுதுனத நான் வகுப்புல வாசிக்கவே இல்ல. அதையும் மேனேஜர் கேக்காவ" என்றாள்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் கோபம். உதவி செய்யப் போனவள்மேல் கோபப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 29, ஞாயிறு

அருள்தாஸ் ஒரு வழி சொல்கிறார். முப்பிடாதிக்கு ஜெராக்ஸ் கடை ஆய்வறிக்கை ஒன்று அவரே ஏற்பாடு செய்வாராம். தலைப்பு "கிராமப்புற மகளிர் மேம்பாடு". நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். "நகராட்சியோட நமக்கு எதுக்கு மேடம் பகை? இந்தக் கட்டடத்துக்கு அவங்கதான் லைசென்ஸ் புதுப்பிக்கணும்."

வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அதனால் சத்தம் போடவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, "அந்தத் தலைப்புல நீங்க மொதல்ல ஒரு டிகிரி வாங்குங்க சார், கையெழுத்து நான் போடுதேன்" என்றேன். கடைசி பெஞ்சில் யாரோ விசில் அடித்தார்கள். கொம்பையாவாகத்தான் இருக்கும்.

ஜூலை 2, புதன்

சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. துணி காயவில்லை.

"அந்தப் பிள்ளை எழுதிக் குடுத்துட்டுப் போகட்டுமேட்டி" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தானாகவே. நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

"ஒனக்கு ஆபீஸ் தெரியாது கோமு. நாங்க இருந்தப்ப ஜன்னல்ல நாளுக்கு நூறு பேரு நிப்பான். மூணு கிளார்க். எல்லாருக்கும் அன்னைக்கே பாக்கணும்னா செத்துருவோம். திங்கக்கிழமை வாங்கன்னு சொன்னா பாதிப் பேரு வரமாட்டான். மீதிப் பேரு வேலைய ஒழுங்காப் பாக்கலாம். அன்னைக்கு அது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்."

"வராத பாதிப் பேருக்கு?"

டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

பெரிய வகுப்பு என்றால் ஆசிரியரும் பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு மீதிப் பேருக்கு நன்றாகப் பாடம் நடத்தலாம். நான் எழுபது பேர் வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஒருத்தியைக்கூட அப்படி நிறுத்தியதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தேன். அவரும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

முப்பிடாதி வந்தாள். நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மன்னிப்புக் கடிதம் மேனேஜரே அடிச்சுக் கொண்டாந்தாவ டீச்சர். கையெழுத்துப் போடலாம்னுதான் பேனாவ எடுத்தேன். வீட்டுலயும் அதத்தான் சொன்னாவ. கடைசி வரில, அப்படி ஒரு வழக்கம் எங்க அலுவலகத்துல என்னைக்குமே கிடையாதுன்னு போட்டுருக்கு. பதினாறு வருசமா என் வாயால சொன்னத கிடையாதுன்னு நான் எப்படி எழுத? கொம்பையா அண்ணன் அவுக அய்யா வீட்டுக்காக வந்தப்ப நாந்தான சொன்னேன். அவருக்கு முன்னால நின்னு கிடையாதுன்னு சொல்லணுமா?"

கொம்பையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேலை போனா?" என்றேன். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்க நான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

"போனா, போகுது. ராத்திரியெல்லாம் அழுதாச்சு." பிறகு, "விசாரணையில எனக்கு உதவிக்கு ஒரு அரசு ஊழியர் கூட இருக்கலாம், ரிட்டயர் ஆனவங்களும் இருக்கலாம்னு விதி இருக்காம். நீங்க அரசுப் பள்ளிதான? வாறியளா?" என்றாள்.

வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடத்தை விதிகள் புத்தகம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது, அவருடையது. அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"வெளிய சொன்னது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும். பதில் இருக்கு."

நின்றார். ஏதாவது சொல்வார் என்று பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தேன். பொறுமையாகக் காத்திருப்பேன், வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரமும் நிற்பேன், அது எனக்கு வரும். மழை வருகிறது, மாடியில் துணி கிடக்கிறது என்று போய்விட்டார். துணியைக் காலையிலேயே எடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 18, திங்கள்

விசாரணை. முழுவதும் எழுதிவிடுகிறேன்.

நகராட்சிக் கூட்ட அறை. விசாரணை அதிகாரி வேறொரு ஊர் நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் அம்மா. குடையை மடக்கி நாற்காலியில் மாட்டிவிட்டு, யாருக்கும் டீ வேண்டாம் என்று சொல்லித்தான் தொடங்கினார். அலுவலகத் தரப்பில் மேலாளர். என் வீட்டுக்காரரிடம் வேலை பழகியவர், எங்கள் வீட்டில் பலகாரம் சாப்பிட்டவர். என்னைப் பார்த்து எழுந்து, பிறகு எழுந்திருக்கக் கூடாது என்று தோன்றி உட்கார்ந்தார்.

முப்பிடாதி பச்சைப் புடவையில் வந்திருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆமாம், எழுதினேன். ஆமாம், அப்படித்தான் சொல்வோம். இல்லை, வழிகாட்டியைத் தவிர யாரிடமும் கொடுக்கவில்லை.

"படிக்க அனுமதி குடுத்த கோப்பு எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"அது கமிஷனர் ரூம் பீரோவுல இருக்கு மேடம். சார் கலெக்டர் ஆபீஸ் போயிருக்காவ. அடுத்த திங்கக்கிழமை வாங்க, எடுத்து வச்சிருதேன்" என்றார் மேலாளர்.

அதிகாரியின் பேனா நின்றது. "அடுத்த திங்கட்கிழமை உங்க சார் இருப்பாரா?"

"இருக்க மாட்டாவ மேடம்."

"அப்புறம் என்னை ஏன் வரச் சொல்றீங்க?"

மேலாளருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. கர்ச்சீப்பைத் தேடினார். "வாய்ல வந்துட்டு மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை. பாவமாகக்கூட இருந்தது.

அதிகாரி அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். முப்பிடாதி சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் குரலும்தானே.

பிறகு என் முறை. குற்றச்சாட்டு, வெளியாருக்குச் சொன்னது பற்றி. அறிக்கை இன்னும் மையத்துக்கே போகாத நேரத்தில் அலுவலகத்துக்கு எப்படித் தெரிந்தது என்று மேலாளரிடம் கேட்டேன்.

"ரிட்டயர் ஆன ஒருத்தர் வந்து சொன்னாவ."

"பேரு?"

"டீச்சர், அது வேண்டாமே."

"பேரு சொல்லணும்" என்றார் அதிகாரி.

மேலாளர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளின்மேல் அவருக்கு மரியாதை. நானே எழுந்து சொன்னேன். "ஆவுடையப்பன். ஓய்வுபெற்ற மேலாளர். என் வீட்டுக்காரர். இந்தப் பெண் என்கிட்டதான் குடுத்தாள், உங்க அலுவலகம் அனுமதிச்ச படிப்புக்காகக் குடுத்தாள். நான் வீட்டில் வாசித்தேன். அவர் இங்கே வந்து சொன்னார். வெளியே சொன்னவங்களுக்குத்தான் மெமோ என்றால் எங்க வீட்டு விலாசத்தை எழுதிக்கோங்க."

குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் வரிகட்ட நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முப்பிடாதி என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

எனக்கு எப்போது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் இதில் எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும், "பேரைச் சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தோசை வார்த்தேன். அவருக்கும் வார்த்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. வேலை இருக்கிறது, படிக்கும் அனுமதியும் இருக்கிறது. போனில் முப்பிடாதிதான் சொன்னாள். "எங்க வீட்டுல ஒங்களுக்குத் தேங்கா குடுத்து விடணுங்காவ டீச்சர்" என்றாள்.

அடுத்த வரியைப் பிறகுதான் சொன்னாள். "நிர்வாக நலன் கருதி" அவளை ஊர்க் கோடியில் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மோட்டார் சத்தத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. யாருடைய நலன், எந்த நிர்வாகம்? இந்தச் சொற்றொடரை நான் மூன்றாம் பாடத்தில் ஒரு பீரியட் முழுக்க நடத்தியிருக்கிறேன். போர்டில் எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

கொம்பையா பின்னாலேயே போன் செய்தார். சித்தப்பா வீட்டு வரி விஷயமாகப் போயிருக்கிறார். "இப்ப திங்கக்கிழமை வாங்கன்னு சொல்லுறதில்ல டீச்சர். வெள்ளிக்கிழமை வாங்கங்காவ."

"வெள்ளிக்கிழமை கமிஷனர் இருப்பாரா?"

"அன்னைக்குத்தான் அவரு சொந்த ஊருக்குக் கெளம்புதாரு."

போனை வைத்துவிட்டு அடுக்களையில் சும்மா நின்றேன். எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. எல்லாம் எவர்சில்வர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் முப்பிடாதி கூப்பிட்டாள். அறிக்கையில் ஒரு அத்தியாயம் குறைகிறது, இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்று எங்கேயும் பதிவு இல்லை, பழைய ஆட்கள் யாரையாவது பார்க்க வேண்டும், யாரைப் பார்க்கலாம் என்றாள். யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். என்னைத்தான் சொல்ல வைக்கிறாள். நல்ல மாணவி.

"வகுப்பு முடிஞ்சதும் என்கூட வீட்டுக்கு வா" என்றேன்.

வாசலில் எங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் பேப்பரை மடித்துவிட்டு உள்ளறைக்குப் போனார். முப்பிடாதியை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் பின்னாலேயே போனேன்.

"நான் இல்லன்னு சொல்லு கோமு" என்றார். முகம் சின்னதாகிப்போயிருந்தது. நாற்பது வருடம் பார்த்த முகம். ஒரு காலத்தில் அந்த அலுவலகமே அந்த முகத்துக்கு எழுந்து நின்றது. எனக்கு இரக்கம் வரத்தான் செய்தது. இரக்கத்தோடு கோபமும் இருக்கலாம், ஒன்று வந்தால் இன்னொன்று போய்விட வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

"உள்ள வா முப்பிடாதி, சார் இருக்காவ" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவள் வந்து மரியாதையாக நின்றாள். உட்காரச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நீரேற்று நிலையத்தில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். வருகிறது சார் என்றாள். குற்றாலத்தில் இந்த வருடம் கூட்டம் அதிகமாமே என்றார். ஆமாம் சார் என்றாள். காப்பி கொண்டு வா என்று என்னிடம் சொன்னார். பிறகு தருகிறேன் என்றேன்.

முப்பிடாதி பேனாவைத் திறந்தாள். "சார், ஜன்னல்ல அப்படிச் சொல்லுங்கன்னு மொதல்ல சொன்னது யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போகவில்லை.